வெறும் இருமல்தானே? நோய் அறிகுறிகளைக் கவனிக்கக் கற்போம்



சான்றிதழ், பட்டா, ஓய்வூதியம் என்று இதுவரை எழுதிக்கொண்டிருந்த என்னிடம், இந்த இதழுக்குப் பொதுவான நோய்களின் அறிகுறிகள் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, இதழியல் படித்தவள். ஆனாலும் தலைப்பைக் கேட்டதும் எனக்கு ஒரு இருமல் ஞாபகம் வந்தது. வேறு யாருடையதும் இல்லை, என்னுடைய இருமல்தான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழி மாதம். எனக்கு மூன்று வாரமாக இருமல் விடவில்லை. காய்ச்சல் கிடையாது, உடம்பு வலி கிடையாது, பகலில் ஆபீஸ் போய் வந்துகொண்டுதான் இருந்தேன். ராத்திரி படுத்தால் மட்டும் தொடர்ச்சியாக வரும். ஒருநாள் இருமி இருமி, சாப்பிட்டது எல்லாம் வாந்தியாக வந்துவிட்டது. அறைத்தோழி, "மெட்ராஸ் தூசிடி இது" என்றாள். நானும் அப்படியே நம்பிக்கொண்டு இஞ்சி டீ குடித்தேன்.

அந்த இருமலோடுதான் ஊருக்குப் போனேன். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. நாலு நாள் இருந்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே இருமியிருக்கிறேன். கர்ச்சீப் வைத்துக்கொண்டுதான் இருமினேன் என்பதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டதுண்டு.

ஒரு வாரம் கழித்து, ஆறாவது வாரத் தடுப்பூசி போடவேண்டிய புதன்கிழமைக்கு முன்னாலேயே, குழந்தைக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியது. "சளி புடிச்சிருக்கு, ஊசி அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்றாள் அம்மா. பக்கத்து கிளினிக்கில் காட்டினார்கள். அங்கே போனபோது குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சில் சத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. மூக்குக்குச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி, பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை முகம் சிவந்து, அப்புறம் உதடு நீலமாகி, சில நொடிகள் மூச்சே விடவில்லை. அக்கா போட்ட சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது. 108-ஐ அழைத்தார்கள்.

மருத்துவமனையில் குழந்தைகள் நல மருத்துவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்ட கேள்வி இதுதான்: "வீட்ல பெரியவங்க யாருக்காவது ரொம்ப நாளா இருமல் இருக்காம்மா?"

அம்மா எனக்கு போன் செய்து அதைச் சொன்னபோது, அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பரிசோதனை முடிவு கக்குவான் இருமல் என்று வந்தது. பதினொரு நாள் மருத்துவமனை வாசம். குழந்தை பிழைத்துக்கொண்டது. இந்தக் கட்டுரையில் கக்குவான் இருமலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு இடம் என்று யாராவது கேட்டால், காரணம் இதுதான்.

கக்குவான் இருமல் என்றால் என்ன?

பெயரிலேயே அடையாளம் இருக்கிறது. கக்குவது என்றால் வாந்தி எடுப்பது. இருமலின் முடிவில் கக்க வைக்கும் இருமல், கக்குவான். நூறு நாள் இருமல் என்றும் உலகம் முழுக்க இதற்கு ஒரு பெயர் உண்டு. இரண்டு மூன்று மாதம் இழுத்தடிப்பது இதன் குணம். போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்ற பாக்டீரியாதான் இதற்குக் காரணம். 1906-இல் ஜூல்ஸ் போர்டே, ஆக்டேவ் ஜென்கூ என்ற இரு விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்தார்கள். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகள் வழியாகப் பரவுகிறது. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தால் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். அவ்வளவு வேகம்.

கிருமி உள்ளே போன ஒரு வாரம் பத்து நாளில் நோய் தெரிய ஆரம்பிக்கும். சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகலாம். இதை மூன்று கட்டமாகப் பிரித்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

முதல் கட்டம் ஒன்றிரண்டு வாரம். மூக்கு ஒழுகுதல், தும்மல், லேசான காய்ச்சல், லேசான இருமல். பார்ப்பதற்குச் சாதாரண சளி மாதிரியே இருக்கும். எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் நோய் மற்றவர்களுக்கு அதிகமாகப் பரவுவது இந்தக் கட்டத்திலும், இருமல் கடுமையாகத் தொடங்கும் நாட்களிலும்தான். ஆன்டிபயாடிக் மருந்து நன்றாக வேலை செய்வதும் இந்தக் கட்டத்தில்தான். அதாவது, கண்டுபிடித்தால் அதிகப் பயன் உள்ள சமயத்தில்தான் கண்டுபிடிக்கவே முடியாத மாதிரி இந்த நோய் இருக்கிறது.

இரண்டாவது கட்டத்தில்தான் அசல் முகம் தெரியும். சாதாரண சளி என்றால் பத்து நாளில் குறைய வேண்டும். இது கூடும். இருமல் ஒன்றிரண்டாக வராது. மூச்சு எடுக்க இடைவெளியே விடாமல் பத்து, பதினைந்து முறை அடுக்கடுக்காக வரும். உள்ளே இருந்த காற்றெல்லாம் வெளியே போய்விட்டதால், கடைசியில் குழந்தை "ஊஊப்" என்று சத்தத்தோடு மூச்சை உள்ளே இழுக்கும். சேவல் கூவுவதுபோல் இழுக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்தச் சத்தத்தைத்தான். அதைத் தொடர்ந்து வாந்தி, அல்லது கெட்டியான, கம்பிபோல் இழுபடும் சளி. முகம் சிவந்து, கண்ணில் நீர் கொட்டும். இருமலின் அழுத்தத்தில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் இரத்தம் கட்டுவதும் உண்டு. ராத்திரியில் அதிகம் வரும். அழுதால், சிரித்தால், சாப்பிட்டால்கூடத் தூண்டிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். ஒரு இருமல் முடிந்து அடுத்த இருமல் வரும்வரை குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும். விளையாடும். காய்ச்சலும் பெரும்பாலும் இருக்காது. டாக்டரிடம் கொண்டுபோகும் அந்த ஐந்து நிமிடத்தில் இருமல் வராமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தாலும் நெஞ்சு சுத்தமாகக் கேட்கலாம். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அந்த கிளினிக் டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூங்கும் குழந்தையைக் காட்டி "லேசா சளி டாக்டர்" என்று நாங்கள் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தைக்கு இருமல் வரும்போது செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகமும் நெஞ்சும் தெரிகிற மாதிரி, சத்தம் பதிவாகிற மாதிரி ஒரு நிமிடம் போதும். அதை டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை நாளாக இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை முறை வருகிறது, வாந்தி உண்டா, உதடு நிறம் மாறியதா, வீட்டில் வேறு யாருக்கு இருமல் இருக்கிறது, தடுப்பூசி எத்தனை முடிந்திருக்கிறது, இவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் பாதி மறந்துவிடும்.

மூன்றாவது கட்டம் மெல்லக் குணமாவது. வாரக்கணக்கில் ஆகும். குறைந்துவிட்டது என்று நினைக்கும்போது ஒரு சாதாரண சளி பிடித்தால் பழைய இருமல் திரும்பி எட்டிப் பார்க்கும்.

பச்சிளம் குழந்தைகளிடம் வேறு மாதிரி

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, முக்கியமாக முதல் இரண்டு மாதத்தில், மேலே சொன்ன "ஊப்" சத்தம் வராமலே போகலாம். மூச்சை இழுத்து அந்தச் சத்தம் எழுப்பும் அளவுக்கு அதற்குத் தெம்பு கிடையாது. இருமலே சரியாக வராது. முக்குவதுபோல, திணறுவதுபோல இருக்கும். பால் குடிப்பது குறையும். முகம் சிவந்து, பின் நீலம் பாய்ந்து, மூச்சு சில நொடிகள் நின்றுபோகும். கக்குவான் இருமலால் உயிர் போகும் ஆபத்து மற்ற எல்லா வயதையும்விட இவர்களுக்குத்தான் அதிகம். நிமோனியா, வலிப்பு வரை போகலாம். எனவே கைக்குழந்தைக்கு உதடோ நாக்கோ நீலமானால், மூச்சு நின்று நின்று வந்தால், "விடியட்டும், பாத்துக்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். 108.

பெரியவர்களுக்கு இதே நோய் மிக லேசாக வரும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசியின் பலம் சில ஆண்டுகளில் குறைந்துவிடுகிறது. ஒருமுறை நோய் வந்து போனவர்களுக்கும் வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பு கிடையாது. வாரக்கணக்கில் விடாத வறட்டு இருமல், ராத்திரியில் அதிகம், இருமலுக்குப் பின் வாந்தி என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். என்னைப்போல வேலைக்குப் போய்க்கொண்டே ஊரெல்லாம் பரப்பிக்கொண்டு இருப்போம். இருமல் உள்ளவர்கள் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகாமல் இருப்பது மரியாதைக் குறைவு இல்லை. "இருமல் இருக்கு, சரியானதும் வரேன்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சிகிச்சை என்ன? மூக்கின் உள்பகுதியிலிருந்து மாதிரி எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்வார்கள். ஆன்டிபயாடிக் மருந்து உண்டு. சரியான மருந்தை ஐந்து நாள் எடுத்துக்கொண்ட பிறகு நோய் மற்றவர்களுக்குப் பரவுவது நின்றுவிடும். இருமல் மட்டும் இன்னும் பல நாள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், உடன் இருக்கும் எல்லோருக்கும் தடுப்பு மருந்து கொடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பாட்டி உட்பட எல்லோரும் சாப்பிட்டார்கள், நான் சென்னையில் சாப்பிட்டேன்.

செய்யக்கூடாத சில

நம் ஊர்களில் கழுதைப்பால் விற்றுக்கொண்டு வருவார்கள். சங்கில் ஊற்றிக் கொடுத்தால் இருமல் போகும் என்று ஒரு நம்பிக்கை. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குழந்தைக்குத் தேவையில்லை. காய்ச்சாத எந்தப் பாலும் கிருமியை உள்ளே கொண்டுபோகும் வழிதான். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அந்த வயதில் நரம்புகளைத் தாக்கித் தளர்ச்சி உண்டாக்கும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, தொக்கம் எடுப்பது, இவை எல்லாமே குழந்தையின் மூச்சுக்குழாயோடு விளையாடுவது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியாவாகும். பாட்டிமார்கள் மனம் நோகும் என்று நினைத்து எழுதாமல் விட எனக்குத் தோன்றியது. ஆனால் அன்று மருத்துவமனை வார்டில் இதே காரணத்தால் அனுமதிக்கப்பட்டிருந்த இன்னொரு குழந்தையை அக்கா பார்த்தாள், அதனால் எழுதுகிறேன்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் இருமல் சிரப்பும் அப்படித்தான். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப்புகளைப் பரிந்துரைக்கக்கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாக அவை தேவையில்லை என்று மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. அண்ணன் குழந்தைக்கு எழுதிக்கொடுத்தது மீதி இருக்கிறதே என்று தம்பி குழந்தைக்கு ஊற்றுவதை முதலில் நிறுத்துங்கள்.

எல்லா இருமலும் கக்குவான் இல்லை

இருமலோடு விசில் மாதிரி சத்தம் மூச்சை வெளியே விடும்போது வந்தால் அது பெரும்பாலும் வீசிங். மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தமும், நாய் குரைப்பது போன்ற இருமலும், குரல் கம்முதலும் இருந்தால் குரல்வளை வீக்கமாக இருக்கலாம். இருமலோடு காய்ச்சலும் வேக வேகமான மூச்சும் இருந்தால் நிமோனியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

நிமோனியாவை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ள ஒரு வழி இருக்கிறது. கிராம சுகாதார செவிலியர்கள் இதைத்தான் செய்கிறார்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, செல்போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து, வயிறும் நெஞ்சும் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே உள்ளே குழிந்தால், பால் குடிக்க முடியாமல் போனால், மந்தமாகிவிட்டால் இன்னும் அவசரம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்கால நேரக் காய்ச்சல், ராத்திரியில் வியர்வை, எடை குறைவு, பசியின்மை, சளியில் இரத்தம், இவற்றில் எது இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சையில் இருப்பவர்களுக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. நீண்ட நாள் இருமலுக்கு நான் முதலிலேயே இந்தப் பரிசோதனைக்காவது போயிருந்தால், வேறு எதுவென்றாலும் அன்றே பிடிபட்டிருக்கும்.

தொண்டை அடைப்பான், கக்குவானோடு ஒரே ஊசியில் தடுக்கப்படும் நோய். தொண்டை வலி, விழுங்க முடியாமை, குரல் மாற்றம், கழுத்து இருபுறமும் வீங்கிப்போதல். வாயைத் திறந்து பார்த்தால் தொண்டையில் சாம்பல் கலந்த வெள்ளைப் படலம் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்ட முயலாதீர்கள், இரத்தம் வரும், மூச்சும் அடைக்கலாம். இந்த நோயின் நஞ்சு இதயத்தைத் தாக்கும். நஞ்சு முறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

அம்மை என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம்

நம் வீடுகளில் "அம்மை போட்டிருக்கு" என்றால் வேப்பிலை கட்டி, வீட்டோடு இருந்துவிடுவது வழக்கம். நம்பிக்கையை யாரும் குறை சொல்லவில்லை. வேப்பிலை இருக்கட்டும், டாக்டரும் பார்க்கட்டும். ஏனென்றால் அம்மை ஒன்று இல்லை.

தட்டம்மை என்கிற மணல்வாரியில் முதலில் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்கள். மூன்று நான்கு நாள் கழித்துத்தான் காதுக்குப் பின்னாலும் முகத்திலும் சிவப்புத் தடிப்பு தொடங்கி உடம்புக்கு இறங்கும். கொப்புளத்தில் நீர் இருக்காது. தடிப்பு வருவதற்கு முன்பே கன்னத்தின் உள்பக்கம் உப்புத் தூள்போல் வெள்ளைப் புள்ளிகள் தெரியலாம். நிமோனியா, கண் பாதிப்பு வரை கொண்டுபோகும் நோய் இது. மருத்துவமனையில் வைட்டமின் ஏ கொடுப்பார்கள், அதற்காகவாவது போயே ஆகவேண்டும். சின்னம்மையில் நீர்க் கொப்புளங்கள் அலை அலையாக வரும். ஒரே சமயத்தில் புதுத் தடிப்பு, நீர்க் கொப்புளம், காய்ந்த பொருக்கு மூன்றையும் பார்க்கலாம். எல்லாம் காய்ந்து பொருக்கு ஆகும்வரை பரவும். கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் பக்கத்தில் விடாதீர்கள். காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. பொன்னுக்கு வீங்கியில் காதுக்கு முன்னும் கீழுமாகத் தாடை வீங்கும், மென்றால் வலிக்கும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிடுவார்கள், அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை. வயதுக்கு வந்த பையன்களுக்கு விதை வீங்கி வலித்தாலோ, யாருக்காவது கடும் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ சங்கிலி போதாது.

காய்ச்சல் குறையும்போது கவனம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் காய்ச்சல் வார்டுகள் நிறையும். டெங்குவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: திடீர்க் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி. ஆனால் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று நிம்மதியாக இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ஆபத்து வருகிறது. விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், அசதியோ எரிச்சலோ, இவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைதான். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். "ஒரு ஊசி போட்டு விடுங்க" என்று கேட்டு வாங்கவும் வேண்டாம்.

ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் விடவில்லை, டெங்கு இல்லை, டைபாய்டு மருந்துக்கும் குறையவில்லை என்றால் உடம்பை ஒருமுறை முழுக்கப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ், இடுப்பு, இப்படி மறைவான இடங்களில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கலாம். வலிக்காது, அதனால் தெரியாது. அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம். கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். காட்டாமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பாதிக்கும். வயலில் நீரில் நின்று வேலை செய்தவர்களுக்கும் வெள்ள நீரில் நடந்தவர்களுக்கும் காய்ச்சலோடு கெண்டைக்காலில் தாங்க முடியாத வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போய், கண் மஞ்சளானால் காமாலை. கீழாநெல்லியை நம்பி இருந்துவிடாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், காமாலைக்குக் காரணம் பல.

தடுப்பூசியும் சேவைகளும்

கக்குவானுக்குத் தடுப்பூசி ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. இந்தியாவில் இது முதன்முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கப்பட்டது. 6, 10, 14 வாரங்களில் மூன்று தவணை. பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு டி.பி.டி. பூஸ்டர், 5 முதல் 6 வயதில் இன்னொன்று. நிறையப் பேர் கோட்டை விடுவது இந்தக் கடைசி இரண்டையும்தான். தட்டம்மைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று.

முதல் ஊசி போட்ட அன்று காய்ச்சல் அடித்தது, தொடை வீங்கியது, அதனால் அடுத்தது வேண்டாம் என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். ஓரிரு நாள் காய்ச்சல் வருவது எதிர்பார்த்ததுதான். செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால் கொடுத்தால் போதும். ஊசி போட்ட இடத்தில் எதையும் தேய்க்காதீர்கள். அதேபோல் லேசான சளி, லேசான காய்ச்சல் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. போடலாமா வேண்டாமா என்பதை நாமே முடிவு செய்யாமல் குழந்தையோடு போய் செவிலியரிடம் கேட்கலாம். தேதி தவறிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அரசு அட்டவணையில் பெண்டாவேலன்ட் ஊசியை ஒரு வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும். அதையும் தவறவிட்டவர்களுக்கு ஏழு வயது வரை டி.பி.டி. ஊசி போட வழி உண்டு.

கர்ப்பிணிகளுக்கு அரசுத் திட்டத்தில் போடப்படும் டி.டி. ஊசி ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும்தான், கக்குவானுக்கு இல்லை. கக்குவானையும் சேர்த்துத் தடுக்கும் டிடாப் ஊசியைக் கர்ப்பத்தின் ஏழாவது மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டால், தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்குப் போய், முதல் ஊசி போடும்வரை காப்பாற்றும். தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கிராமங்களில் துணை சுகாதார நிலையம், அங்கன்வாடியில் புதன்கிழமை தடுப்பூசி முகாம் நடக்கும். நகரங்களில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எல்லாம் இலவசம். தாய் சேய் அட்டையை ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள், தொலையாது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருப்பவர்கள், வேலைக்காக வேறு மாவட்டம் போனவர்கள் அங்கேயே போட்டுக்கொள்ளலாம், அட்டையை எடுத்துக்கொண்டு போனால் போதும். யு-வின் தளத்தில் பதிவு இருந்தால் அடுத்த தவணை எப்போது என்பதையும் அதில் பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108, இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும். 108-ஐ அழைக்கும்போது "குழந்தைக்கு மூச்சு நிக்குது, உதடு நீலமாகுது" என்று அறிகுறியை முதலில் சொல்லுங்கள், அப்புறம் ஊர், தெரு, பக்கத்தில் இருக்கும் கோவிலோ பள்ளிக்கூடமோ. அன்று ராத்திரி அக்கா வீட்டில் வாசல் விளக்கைப் போட்டு ஒருவர் தெருமுனையில் போய் நின்றதால் ஆம்புலன்ஸ் வழி தேடவில்லை.

போன புதன்கிழமை அக்கா மகளுக்கு டி.பி.டி. பூஸ்டர் போட்டார்கள். தொடை வீங்கி, ராத்திரி முழுக்கச் சிணுங்கினாளாம். காலையில் அக்கா வீடியோ அனுப்பியிருந்தாள். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.